பொறி உண்டு, பொறுப்பு எங்கே?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் மலையைக் கடந்து கிழக்கே போகப்போக, நிலம் இருவகை விளைச்சலைக் காட்டும். மேட்டுநிலத்தில் நிலக்கடலையும் கொம்மட்டிப் பழமும். கடலை ஒட்டிய உவர்நிலத்தில் உப்பு. பங்குனி, சித்திரைத் திங்கள்களில் பழமும் உப்பும் சரக்குந்துகளில் ஏறி வெளியூர் செல்கின்றன. ஏறும்போது அவற்றிற்கு ஊர்ப்பெயர் உண்டு. சென்னையிலோ வேறெங்கோ இறங்கும்போது அப்பெயர் உதிர்ந்து போகிறது. பழம் வெறும் பழமாகிறது; உப்பு வெறும் மூட்டையாகிறது. (பலரும் தர்ப்பூசணி என்று சொல்லும் பழத்தையே இங்குக் கொம்மட்டி என்றது. பாரசீகத் 'தர்பூசை'ப் பூசணியோடு ஒட்டவைத்த சொல்லுக்கு இன்று தமிழ்நாட்டுச் சந்தையில் இருக்கும் வாழ்வு, கொம்மட்டிக்கு இல்லை. காப்பாரற்ற பெயருக்கு நேர்வது அதுவே.)

2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில், கோடை வாணிகம் சூடேறிய நேரத்தில், சென்னையில் உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலர் ஒருவர் இப்பழத்தை அறுத்து, மென்தாளால் துடைத்து, தாளிற் செந்நிறம் ஒட்டினால் அது நிறமேற்றிய பழம் என்னும் பொருள்படக் காட்டிய காட்சி செல்பேசிதோறும் பரவிற்று. கொம்மட்டியின் சதைக்குச் செந்நிறம் தருவது லைக்கோப்பீன் என்னும் இயல்நிறமி. தக்காளியைச் சிவப்பாக்குவதும் அதுவே. நன்கு பழுத்த சதையைத் தாளால் அழுத்தினால் சாறும் நிறமும் ஒட்டாமல் வேறென்ன ஒட்டும்? ஊசித்துளை வழியே காற்றும் நுண்ணுயிரும் புகுந்த பழம் விரைந்து அழுகும் என்பதை உழவரும் அறிவர், பழக்கடைக்காரரும் அறிவர். ஆயினும் மக்கள் அஞ்சினர். வாங்குவது நின்றது. விழுப்புரம் மாவட்டம் உள்ளிட்ட பகுதிகளில் உழவர் பறிகூலிக்கும் கட்டாத விலைக்குப் பழத்தைக் கொடுத்தனர். பறியாமல் கொடியிலேயே விட்டோரும் உளர். நிறமேற்றிய பழம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்னும் விளக்கம் பின்னர் வந்தது. அலுவலர் இடமாற்றமும் செய்யப்பட்டார். அதற்குள் பருவம் போயிற்று.

இந்நிகழ்ச்சியில் ஓர் அலுவலரை வைவதோடு பலர் நிறைவடைந்தனர். அது எளிய வேலை. கேட்கவேண்டிய கேள்வி வேறு. அப்பழி எழுந்த நாளில், 'இது மரக்காணத்துப் பழம். இன்ன விதை, இன்ன நாளில் ஊன்றி, இன்ன நாளில் பறித்தது. இன்னார் ஆய்ந்து விடுத்தது. கேடிருப்பின் எம்மைக் கேளுங்கள்' என்று எழுந்து சொல்ல அப்பழத்திற்கு ஒரு வாய் இருந்ததா? இல்லை. வயலுக்குரியவர் தனித்தனியே புலம்பினர். இடைத்தரகர் அடுத்த சரக்குக்குப் போயினர். பெயரில்லாப் பொருளுக்குப் பழி வந்தால் அதைத் துடைக்கக் கை இராது. நல்ல பழம் விளைத்தவனும் தீய பழம் விளைத்தவனும் ஒரே குவியலில் வீழ்வர்.

'அதற்குத்தான் புவிசார் குறியீடு இருக்கிறதே' என்று உடனே விடை சொல்வார் உளர். 'புவி' என்னும் வடசொல்லை முன்னே நிறுத்தாமல் மண்சார் குறியீடு என்றே சொல்லலாம், அது நிற்க. மண்சார் குறியீடு பெற்ற பொருள்களின் எண்ணிக்கை தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்துவிட்டது. மதுரை மல்லி, ஈரோட்டு மஞ்சள், கொடைக்கானல் மலைப்பூண்டு, சிறுமலை வாழை, இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய், உடன்குடிக் கருப்பட்டி, கும்பகோணத்து வெற்றிலை எனப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு பெயர் ஏறும்போதும் செய்தித்தாள்களில் மகிழ்ச்சி, அமைச்சர்களின் வாழ்த்து, தமிழ்ப்பற்றாளர்க்கும் ஒரு பூரிப்பு. தமிழ் மண்ணின் பெயர் ஞாலமறிய ஏறிவிட்டதாம்! ஏறிய பெயரைக் காப்பவர் யார் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. தமிழுணர்வாளரும் கேட்பதில்லை என்பதே பெருங்குறை.

இக்குறியீட்டுக்குரிய சட்டம் 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருளின் சிறப்பு அதன் மண்ணாலோ, தட்பவெப்பத்தாலோ, அவ்வூர் மக்களின் கைத்திறத்தாலோ வந்ததாயின், அவ்வூர்ப் பெயரை வேற்றூரார் அப்பொருளுக்கு இடலாகாது என்பது அதன் கருத்து. பொய்ப்பெயர் இட்டு விற்பார்க்கு 6 திங்கள் முதல் 3 ஆண்டுவரை சிறையும், 50,000 உருபா முதல் 2 இலக்கம் உருபாவரை தண்டமும் அச்சட்டத்தில் உண்டு. பதிந்த பெயரை எவருக்கும் விற்கவோ எழுதிவைக்கவோ இயலாது என்பது இன்னும் நல்ல ஏற்பாடு. இவ்வளவும் சரி.

ஆனால் அச்சட்டத்தைச் செயற்படுத்த 2002இல் வகுத்த ஒழுங்குமுறைகளைப் படித்துப் பார்க்கவேண்டும். பெயர்ப்பதிவு கேட்போர் எவ்வெவற்றை எழுதித் தரவேண்டும் என்று அங்கு வரிசையாகச் சொல்லப்படுகிறது. மண்ணின் இயல்பு, விளைக்கும் முறை, நிலப்படம், அப்பொருளின் வரலாறு ஆகிய அனைத்தும் கட்டாயம். தரத்தை மேற்பார்க்கும் அமைப்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் ஒரு சிறு சொல் நுழைக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய அமைப்பு 'இருப்பின்' அதன் விளக்கத்தைத் தருக என்பதே அது. இருப்பின்! இல்லாவிடினும் இடர்ப்பாடில்லை. தேருக்கு அச்சாணி இருப்பின் பூட்டுக என்று எழுதிய தச்சன் எங்கேனும் உண்டா? பதிவு கேட்போர் பலர் அவ்விடத்தில் ஏதோ ஒரு குழுவின் பெயரை எழுதிவைக்கின்றனர். அக்குழு பதிவுக்குப் பின்னர் எத்தனை முறை கூடிற்று, எத்தனை சரக்கைத் தள்ளிற்று என்று கேட்பாரில்லை.

மேலை நாட்டைப் போற்றுவது இங்கு நோக்கமன்று. ஆயினும் ஒப்பிட்டுப் பார்ப்பது தேவை. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் வகுத்த சட்டமும், அதன் இடத்தில் 2024இல் வந்த சட்டமும், ஊர்ப்பெயர் தாங்கிய பொருள் சந்தைக்கு வருமுன்னரே குறித்த தரத்திற்கு ஒத்திருக்கிறதா என்று ஆய்வு செய்யப்படல் வேண்டும் என்கின்றன. அங்கு 'இருப்பின்' இல்லை. இத்தாலியில் பார்மிசானோ ரெச்சானோ என்னும் பாலாடைக் கட்டிக்கு 1934 முதல் செய்வோர் கூட்டமைப்பு ஒன்று உண்டு. ஏறத்தாழ ஓராண்டு முதிர்ந்தபின் ஒவ்வொரு கட்டியையும் வல்லுநர் சிறு சுத்தியால் தட்டி ஒலி கேட்டு ஆய்வர். தேறாத கட்டியின் மேற்றோலிலிருந்து பெயர்ப்பொறி சுரண்டி நீக்கப்படும். தாமே செய்த பொருளிலிருந்து தம் ஊர்ப்பெயரைத் தாமே சுரண்டி எடுக்கும் நேர்மை அது. அவ்வூர்ப் பெயருக்கு உலகச் சந்தையில் விலை இருப்பதன் கரணியம் இதுவேயன்றி வேறு மாயமன்று.

இந்தியாவில் முதன்முதல் பதிந்த பெயர் தார்சிலிங்குத் தேயிலை. தேயிலை வாரியம், உரிமப் பொறி, தோட்டப் பட்டியல் எல்லாம் அதற்கு உண்டு. இருந்தும், அம்மலையில் ஓராண்டில் விளைவதைப்போல் நான்கு மடங்கு தேயிலை அப்பெயரால் உலகில் விற்பனையாவதாகத் தேயிலை வாணிகர் நெடுங்காலமாகச் சொல்லி வந்துள்ளனர். நேபாளத் தேயிலை அப்பெயரில் நுழைவது பற்றிய முறையீடு இன்றும் ஓயவில்லை. ஒரு வாரியமே இருந்து காத்தும் நிலை இதுவெனின், வாரியமே இல்லாத தமிழ்நாட்டுப் பெயர்களின் நிலை என்னாகும்?

ஈரோட்டு மஞ்சளை எடுத்துக்கொள்க. 2019இல் அப்பெயர் பதிவாயிற்று. பதிவு கேட்டவர் மஞ்சள் விளைத்த உழவரல்லர். மஞ்சள் வணிகரும் கிடங்குடையாரும் சேர்ந்த கழகத்தார். அவர்கள் உழைத்துப் பெற்றார்கள் என்பதை மறுக்கவேண்டா. உழவர்க்கு அமைப்பு இல்லாதவிடத்து வணிகர் முன்வந்தது குற்றமாகாது. ஆனால் விளைவைக் கூறவேண்டும். ஈரோட்டுச் சந்தைக்கு மைசூர்ப் பக்கத்து மஞ்சளும் வருகிறது. அங்கு விலை பேசப்படுகிறது. அங்கிருந்து மூட்டை புறப்படுகிறது. சந்தையின் பெயர் ஈரோடு; மண்ணின் பெயரும் ஈரோடு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் வேலை எவருடையது? வெளியூர்ச் சரக்கையும் உள்ளூர்ச் சரக்கையும் சேர்த்து விற்று வாழ்வோர் கையில் உள்ளூர்ப் பெயரின் காவலைக் கொடுப்பது முறையாகுமா? அவர் நல்லவரே எனினும் இரண்டு தட்டும் ஒருவர் கையில் இருக்கும் துலாக்கோல் அது.

இனி, மொழிக்கு வருவோர் வருக. இந்தியா முழுமைக்குமான மண்சார் குறியீட்டுப் பதிவகம் தில்லியில் இல்லை, மும்பையில் இல்லை, சென்னைக் கிண்டியில் இருக்கிறது. தமிழ்நாட்டின் தலைநகரில், தமிழர் வரிப்பணமும் சேர்ந்து நடக்கும் அவ்வலுவலகத்திற்குத் தரும் படிவமும் ஆவணமும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல்வேண்டும் என்பது அதன் ஒழுங்குமுறை. உடன்குடியில் பனையேறிக் கருப்பட்டி காய்ச்சுபவர், தம் கருப்பட்டிக்குத் தம் ஊர்ப்பெயரை இடும் உரிமையைத் தம் மொழியில் கேட்க இயலாது. பதிந்த பெயரைப் பயன்படுத்த உரிமை கேட்கும் உழவர்க்கான கட்டணம் 500 உருபாவாக இருந்ததை 2020இல் 10 உருபாவாகக் குறைத்தனர். பாராட்டலாம். ஆனால் பத்து உருபாக் கட்டணத்திற்கான ஆங்கிலப் படிவத்தை நிரப்ப அவர் யாருக்கு எத்தனை உருபா தருகிறார் என்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இதனைத் தமிழ்வெறி என்று தள்ளுவார்க்கு ஒன்று சொல்லலாம். இது மொழிப்பெருமை பற்றிய செய்தி மட்டுமன்று. தரம் பற்றிய செய்தி. பதிவேட்டில் அப்பொருளின் இலக்கணம் எழுதப்பட்டிருக்கிறது: எந்த விதை, எந்த நிலம், எப்பருவம், என்ன அளவு, என்ன மணம் என்று. அவ்விலக்கணத்தைக் காக்கவேண்டியவர் அதனை விளைப்பவர். அவர் படிக்க முடியாத மொழியில் அது பூட்டப்பட்டிருக்கையில், தாம் எதற்கு உறுதிமொழி கொடுத்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாத உறுதிமொழியை எவரால் காக்க முடியும்? வாங்குவோர்க்கும் அதே நிலை. மல்லி வாங்கும் மதுரைப் பெண்மணி, மதுரை மல்லியின் பதிவிலக்கணத்தைத் தமிழிற் படித்து, 'இஃது அதுவன்று' என்று மறுக்க இயன்றாலன்றோ போலிக்குச் சந்தையில் இடமிராது? தமிழில் எழுதாத தரம் தமிழ்ச் சந்தையில் ஆளாது.

தமிழர்க்கு இவ்வாட்சி புதியதா? பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்த பொருளும் போகும் பொருளும் எடையிடப்பட்டு, சோழனின் புலிப்பொறி பெற்று, காவலோடு கிடந்தன. வரி வாங்கும் இடத்துப் பொறிதான் அது. ஆயினும் பொறியிட்டவன் அப்பொருட்குப் பொறுப்பேற்று நின்றான். அதே பாட்டு அந்நகர வணிகரைப் பற்றிச் சொல்லும்போது, வாங்குகையில் மிகுதியாகக் கொள்ளாதவர், விற்கையில் குறைத்துக் கொடாதவர், ஊதியத்தை வெளிப்படையாகச் சொல்லி விற்பவர் என்று அவர் இயல்பைக் காட்டுகிறது. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லாரும் பாராட்டுவர். அவ்வோலையால் தேர்ந்த வாரியங்களில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் மட்டுமல்ல, பொன் வாரியமும் உண்டு. பொன்னின் மாற்றைக் காக்கும் பொறுப்பு ஊரவையின் பொறுப்பாக இருந்தது. பணி முடிந்தபின் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்திற்குத் தகுதியற்றவர் என்றும் அக்கல்லில் இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் கல்லில் 'இருப்பின்' என்று வெட்டவில்லை!

அந்த ஊரிலிருந்து தெற்கே சற்றுத் தொலைவில் இருப்பதே பெருமுக்கலும் மரக்காணமும். மரக்காணத்தைச் சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் என்று ஆய்வாளர் பலர் கொள்வர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் துறைமுகம் அது. அவன் ஊராகிய கிடங்கில் இன்று திண்டிவனத்துள் அடங்கிவிட்டது. நெல்லுக்கு உப்பு நிகரென்று கூவி மாறிய உமணர் வாழ்வு அகநானூற்றில் இருக்கிறது. இத்தொன்மையெல்லாம் மேடையில் முழங்கப் பயன்படுகிறது. மரக்காணத்து உப்பள்ளும் கைக்கு அத்தொன்மை ஒரு காசும் கூட்டித் தரவில்லை.

மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக ஏற்றி, வெயிலிற் காயவைத்து, மண் கலவாமல் வாரி எடுப்பது எளிய வேலையன்று. ஏற்றும் நீரின் செறிவு பிழைத்தாலும், அடிமண் இறுகாதிருந்தாலும், கசப்புநீரை உரிய நேரத்தில் வடிக்காவிடினும் உப்பின் நிறமும் சுவையும் கெடும். அவ்வறிவு பாத்தியில் நிற்கும் ஆணும் பெண்ணும் தலைமுறையாகப் பெற்றது; எந்த நூலிலும் இல்லாதது. ஆனால் உப்பின்மேல் ஆட்சி எவருடையது? அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 58ஆம் வரி உப்புக்குரியது, அஃதாவது தில்லிக்குரியது. உப்பு ஆணையரின் தலைமையகம் கடலே காணாத செய்ப்பூரில் அமைந்தது. 1930இல் திருமறைக்காட்டில் உப்பள்ளிச் சிறைசென்ற நாட்டில், வெள்ளையன் கையிலிருந்த உப்பு வடக்கே கைமாறிற்று, அவ்வளவே.

2006 மே திங்களிலிருந்து, அயோடின் சேராத உப்பை மக்கள் உண்பதற்கென விற்கலாகாது என்னும் தடை நடப்பில் உள்ளது. கடையில் விற்கும் உப்பில் பத்திலக்கம் பங்குக்கு 15 பங்கேனும் அயோடின் இருக்கவேண்டும். கழலை நோயைத் தடுக்கும் அவ்வேற்பாட்டைக் குறைசொல்வது அறிவாகாது. ஆனால் அதன் ஒரு விளைவைக் காண்க. அயோடின் சேர்க்கும் பொறியும் பொதியும் வசதியும் இல்லாத சிற்றளத்தார் உப்பை மூட்டையாக விற்றுவிட வேண்டியதுதான். தூய்மை செய்து, அயோடின் சேர்த்து, பையிலிட்டு, பெயர் எழுதுபவர் வேறொருவர். பையின்மேல் வணிகர் பெயர் மின்னும். அளத்தின் பெயர் இராது. அரசு வகுத்த தரம் ஒன்று வந்தது. அத்தரத்தோடு ஊர்ப்பெயர் வெளியே தள்ளப்பட்டது. தமிழ்நாட்டரசின் உப்புக் கழகம் 2022இல் 'நெய்தல்' என்னும் பெயரில் உப்பு விற்கத் தொடங்கியது. நல்ல தமிழ்ப்பெயர். அதே வழியில் அளத்தார் கூட்டுறவுக்கு அயோடின் சேர்க்கும் பொது நிலையம் ஒன்றை மரக்காணத்திலேயே அமைத்து, பையின்மேல் மரக்காணம் என்றெழுத வழிசெய்வது அரசுக்குப் பெருஞ்செலவாகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'உழவரும் அளத்தொழிலாளரும் கடனில் மூழ்கிக் கிடக்கையில், அவர் தலையில் தரக் கட்டுப்பாடு என்னும் மற்றொரு சுமையை ஏற்றுவதா?' என்று இரக்கமுடையோர் கேட்பர். கேள்வி பொய்யன்று. ஆய்வுக்குச் செலவுண்டு; ஆய்வாளர்க்குக் கூலியுண்டு. அச்செலவை விளைப்பவர் மட்டும் தாங்குவதென்றால் ஏழை வெளியேறுவான். பெருநிலக்காரன் பெயரைக் கைக்கொள்வான். ஆகவே தொடக்க ஆண்டுகளில் அச்செலவை அரசு ஏற்கவேண்டும். குறியீட்டுக்கு வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டும் பணத்தில் இது நடக்கும்.

ஆனால் உழவரை வாழ்த்திப் பாடிவிட்டு அவர் குறையைச் சொல்லாமல் விடுவதும் பகையே. விலை ஏறியிருக்கும் முதல் கிழமையில் பழுக்காத கொம்மட்டியை அறுத்து ஏற்றுவோர் உளர். அடியில் சேறு படிந்த உப்பை மேலுப்போடு கலந்து மூட்டை கட்டுவோர் உளர். ஒருவன் செய்யும் அக்கேடு நூற்றுவர் பெயரைத் தின்கிறது. வெளியாள் வந்து தாளால் துடைத்துப் பார்க்குமுன், உள்ளாள் தட்டிப் பார்த்துத் தள்ளியிருக்க வேண்டும். தன் அண்டை வயலான் பழத்தை 'இதற்கு நம் ஊர்ப்பெயர் இல்லை' என்று மறுக்கும் துணிவு இல்லாத ஊருக்குக் குறியீடு கிடைத்தும் பயனில்லை. நடுவணரசு 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இடும் அக்மார்க்குப் பொறி சரக்கின் தரத்தை வகைப்படுத்தும். சரக்கின் ஊரை அறியாது. ஊரறிந்த ஆய்வை ஊராரே செய்தல்வேண்டும்.

கொம்மட்டிக்கு மண்சார் குறியீடு கேட்கவேண்டும் என்று சொல்ல வரவில்லை. இன்று விளைவது பெரும்பாலும் குழும விதையிலிருந்து வரும் ஒட்டுவகை. ஆண்டுதோறும் விதை வாங்கும் பயிருக்கு மண்ணின் தனியுரிமை கோருவது வலுவற்ற வழக்கு. அதற்கு வேண்டியது உழவர் கூட்டமைப்பின் பெயர்ச்சீட்டும், பறித்த நாளும், பொறுப்பேற்கும் ஒரு கையொப்பமுமே. சட்டத்தில் இயற்கைப் பொருளும் செய்பொருளும் அடங்குவதால் உப்பின் வழக்கு வேறு. மண்ணும் கைத்திறமும் அதில் உண்மையாகவே உண்டு. ஆனால் அதனைக் கேட்கப் போகுமுன் அளத்தார் தமக்குள் ஒரு வாரியம் அமைத்து, மரக்காண உப்பு என்பது எது, எது அன்று என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, ஒவ்வோர் அளத்திலும் ஒட்டவேண்டும். வாரியத்தில் அளமுடையார் மட்டுமன்றி, பாத்தியில் நிற்கும் தொழிலாளரும் சரிபாதி இருத்தல்வேண்டும். எந்த உப்பு நல்லுப்பு என்பதைக் கால்பட்டு அறிந்தவர் அவரே. வணிகர்க்கு அதில் அமர இடம் தரலாம். தள்ளும் உரிமை தரலாகாது.

தமிழ்நாட்டரசு செய்யவேண்டியவை இரண்டு. பெற்ற குறியீடுகள் அனைத்தின் இலக்கணத்தையும் தமிழில் பெயர்த்து, அவ்வப் பொருள் விற்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் பூச்சந்தைகளிலும் உழவர் சந்தைகளிலும் எழுதிவைப்பது ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் படிவங்கள் தமிழில் ஏற்கப்படவேண்டும் என்று நடுவணரசிடம் கேட்டுப் பெறுவது மற்றொன்று. மேற்பார்வைக் குழுவைப் பற்றிய வரியிலிருந்து 'இருப்பின்' என்னும் சொல்லை நீக்கும் திருத்தத்தைத் தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் கேட்கலாம். அதற்கு எக்கட்சியும் தடையன்று. கிண்டிப் பதிவகத்திற்கும் பெருமுக்கலுக்கும் இடைத்தொலைவு நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் அடங்கும். 2003 முதல் இன்றுவரை அத்தொலைவை ஒரு தமிழ்ப்படிவம் கடந்து வரவில்லை.